பயில்வான் வீட்டுக்காரர்

அந்த ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொள்ளும் பெண்கள் எல்லாரும் படத்தில் ஒரு சுற்று இளைத்துவிடுவார்கள். ஆண்கள் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. போட்டோக்காரனும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெண் என்றால் மேல்கையில் இரண்டு இழுப்பு உள்ளே, ஆண் என்றால் தோளில் இரண்டு இழுப்பு வெளியே. அவ்வளவுதான். வாங்கிப் போகிறவர்கள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பரவாயில்லையே, நான் இவ்வளவு நல்லாவா இருக்கேன்!" என்று பூரித்துப்போவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் தொழிலை நினைத்துக் கொஞ்சம் கர்வமாக இருக்கும்.

சாவி செய்கிறவர் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நின்றது ஸ்டூடியோ. வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி, மூன்று திரைகள், இரண்டு விளக்குகள். வெள்ளைக் குடை மாட்டிய விளக்கு பெண்களுக்கு. அதை முகத்துக்கு நேராக வைத்தால் மேடு பள்ளமெல்லாம் மழுங்கி, பாலாடை படிந்த மாதிரி ஆகிவிடும். குடை இல்லாத விளக்கு ஆண்களுக்கு. அதைப் பக்கவாட்டில் நிறுத்தினால் சாதுவான ஆள்கூடச் சண்டைக்குக் கிளம்புகிறவர் மாதிரி எடுப்பாகத் தெரிவார். கடை திறந்த நாளிலிருந்து இந்த ஏற்பாட்டில் மாற்றமே இல்லை.

அவன் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மேல்தட்டிலிருந்து பெட்டிகளை இறக்கி இறக்கி அவளுக்கு வலது தோளில் வலி வந்தது. அவள் கடையில் இல்லாத மாத்திரையா? எல்லாவற்றையும் விழுங்கிப் பார்த்தும் வலி போகவில்லை. கடைசியில் டாக்டரம்மா ஒருவர், "தோளைச் சுத்தி சதையே இல்லம்மா உனக்கு. எலும்பு தனியா எவ்வளவு நாள் தாங்கும்? கொஞ்சம் எடை தூக்கு" என்று சொல்லி அனுப்பினார். டயர் கடை மாடியில் இருந்த ஜிம்மில் போய்ச் சேர்ந்தாள். முதலில் கொடுத்த டம்பெல் கிலுகிலுப்பை அளவுதான் இருந்தது. அதைத் தூக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது. நாலைந்து மாதத்தில் வலி போய்விட்டது. ஆனால் அவள் ஜிம்முக்குப் போவது நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போட்டோக்காரனின் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் வாங்கிக்கொண்டார். பக்கத்துத் தெருவில் குடியிருந்த அக்கா ஓடி வந்தாள். அக்கா ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகப் பிடித்து அவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவார்கள். ஸ்டூடியோவுக்குப் பின்னால்தான் வீடு என்பதால், அவர் போடுகிற கூச்சலில் சாவிக் கடைக்காரர்கூட எட்டிப் பார்ப்பார். ஒருநாள் மருந்துக்கடையிலிருந்து வந்து நின்ற மனைவி அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "நகருங்க ரெண்டு பேரும்" என்றாள். குனிந்து, இரண்டு கையையும் மாமனாரின் அக்குளுக்குக் கீழே கொடுத்தாள். "மாமா, என் கழுத்தைப் பிடிச்சுக்குங்க. மூச்சை இழுங்க. ம்." அவர் நின்றிருந்தார். கத்த வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. "லிஃப்ட்ல ஏறுன மாதிரி இருக்கேம்மா!" என்றார்.

அதிலிருந்து அவரை எழுப்புவதும் உட்காரவைப்பதும் அவள் பொறுப்பாயிற்று. "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி உண்டா? அப்பாவைப் பூ மாதிரித் தூக்குவா" என்று அக்கா போகிற இடமெல்லாம் சொன்னாள். அப்பா தேறி, தடியை ஊன்றிக்கொண்டு பூங்காவரை நடந்து போய்வருகிற அளவுக்கு ஆனார். அக்காவின் கணக்குப்படி அத்தோடு அந்தப் புஜங்களின் வேலை முடிந்துவிட்டது.

புஜங்களுக்கு அது தெரியவில்லை. அவை பாட்டுக்கு வளர்ந்தன. கடையில் விற்கிற சட்டையின் கை அவள் மேல்கையில் ஏறமாட்டேன் என்றது. மருந்துக்கடைக்கு வருகிற பெண்கள் குரலைத் தாழ்த்தி, "இது எந்த மாத்திரைனால வந்துச்சும்மா? சொல்லு, நான் தெரியாம அதைச் சாப்பிட்டுடக் கூடாது" என்று கேட்டார்கள். அவர்கள் போன பிறகு அவர்களுடைய கணவன்மார்கள் வந்து, இன்னும் தாழ்ந்த குரலில், "அந்த மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்றார்கள். அவள் இரண்டு தரப்பையும் சிரித்துக்கொண்டே டயர் கடை மாடிக்கு வழி சொல்லி அனுப்பிவைத்தாள்.

அவள் சிரித்துவிட்டாள். போட்டோக்காரனுக்குத்தான் சிரிக்க வரவில்லை. இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் போட்டோக்காரர் என்று இருந்தவனை, யாரோ ஒரு புண்ணியவான் "பயில்வான் வீட்டுக்காரரே!" என்று கூப்பிட்டுவைத்தான். அது பசை போட்டு ஒட்டியது மாதிரி ஒட்டிக்கொண்டது. டீக்கடையில், முடிதிருத்தும் கடையில், எங்கே போனாலும், "வாங்க பயில்வான் வீட்டுக்காரரே, உக்காருங்க. வீட்ல அடி ஒண்ணும் இல்லையே?" அவனும் பல்லைக் காட்டிவிட்டு வருவான். வீட்டில் சொல்லமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"உடற்கட்டுப் போட்டி ஒண்ணு வருது, அண்ணி. பேர் குடுத்துட்டேன்."

"யார் பேரை?" என்றாள் அக்கா.

"என் பேரைத்தான்."

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. "மேடை ஏறி, நாலு பேர் முன்னாடி, கையைக் காலைக் காட்டிக்கிட்டு நிப்பாங்களே, அதுவா?"

"முதுகையும் காட்டணும், அண்ணி. முதுகுக்குத்தான் மார்க் அதிகம்."

அப்பாவுக்குப் புரையேறியது. அது சிரிப்பா சாப்பாடா என்று தெரியவில்லை. அக்கா அவர் தலையில் தட்டிக்கொண்டே தொடர்ந்தாள்.

"இங்க பாரும்மா. அப்பாவைத் தூக்கணும்னு கஷ்டப்பட்டே. நானே ஊரெல்லாம் பெருமையாச் சொன்னேன். இப்பதான் அப்பா அவர் பாட்டுக்கு நடக்குறாரே. இனிமே எதுக்கு உனக்கு இவ்வளவு சதை?"

"மாமாவுக்காக ஆரம்பிக்கலையே அண்ணி. தோள் வலிக்கு ஆரம்பிச்சேன். இப்ப வலியும் இல்ல. பிடிச்சிருக்கு, அதனால பண்றேன்."

"பிடிச்சிருக்குன்னா?"

"பிடிச்சிருக்குன்னா பிடிச்சிருக்கு."

அக்காவுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. வலி என்றால் மருந்து. கடமை என்றால் உழைப்பு. இது எதில் சேர்த்தி? அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "நீ என்னடா, வாயில கொழுக்கட்டையா? உன் பொண்டாட்டிதானே?"

"பாத்துக்கலாம் அக்கா" என்றான் போட்டோக்காரன். சின்ன வயதிலிருந்து எந்தச் சிக்கலுக்கும் அவன் வாயிலிருந்து வருகிற ஒரே பதில் அதுதான். மனைவி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

"எந்த ஊர்ல போட்டி? முன் வரிசையில இடம் கிடைக்குமா?" என்றார் அப்பா.

"அப்பா!" என்றாள் அக்கா.

அந்த மாதமே அப்பாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்குக் குடும்பப் படம் ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லாரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். நடுவில் நாற்காலியில் அப்பா. அவருக்கு இடப்பக்கம் அக்காவும் அவள் கணவரும். வலப்பக்கம் மனைவி, தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த கையில்லாத நீல உடையில். கேமராவை முடுக்கிவிட்டு ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றான் போட்டோக்காரன். படம் நன்றாக விழுந்தது.

அதைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். அக்காவின் இரட்டைத் தாடையை ஒற்றையாக்கினான். அது அவளுடைய நிரந்தர உத்தரவு. அப்பாவின் சுருக்கங்களை அப்படியே விட்டான். பிறகு மனைவியின் கைக்கு வந்தான். பிறந்தநாளுக்கு அக்கா கணவரின் அலுவலகத்து ஆட்கள் வருவார்கள். படத்தைச் சுற்றி நிற்பார்கள். யாராவது ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டான். இரண்டு இழுப்பு உள்ளே இழுத்தான். போதாது போலத் தோன்றியது. இன்னும் இரண்டு. முழங்கைக்குக் கீழே ஓடிய நரம்பை அழித்தான். தோளின் உருண்டையைச் சரித்தான். வேலை சுத்தமாக வந்தது. ஆனால் இப்போது பக்கத்தில் நிற்கும் தான் மட்டும் ஏன் இப்படித் துணிக்கொடியில் தொங்கும் சட்டை மாதிரி இருக்கிறோம் என்று பட்டது. எல்லாருக்கும் செய்கிற உபகாரத்தைத் தனக்குச் செய்துகொண்டால் என்ன? தோளில் இரண்டு இழுப்பு வெளியே.

பிறந்தநாளன்று அக்கா வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. கேக் வெட்டியானதும் அக்கா கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டுச் சுவரில் இருந்த படத்தின் மேலிருந்து துணியை எடுத்தாள். "ஆஹா" என்றார்கள். "எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்றார்கள். அக்காவுக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

கேக் தட்டோடு மனைவி கொஞ்சம் பின்னால் நின்று படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயில் போட்ட கேக்கை மெல்லவில்லை.

அப்பா தடியை ஊன்றிக்கொண்டு படத்துக்கு மிக அருகில் போனார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"இது யாரு?"

"என்னப்பா இது, உங்க மருமக" என்றாள் அக்கா.

"முகம் அவளுதுதான். கை யாருது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இந்தக் கையா என்னைத் தூக்கிச்சு? இதை நம்பியிருந்தா நாங்க ரெண்டு பேருமே இன்னும் தரையிலதான் கிடந்திருப்போம்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்து உருவத்துக்கு நகர்ந்தார். "அடேய், நீ எப்படா இவ்வளவு அகலமானே?" ஒரு கணம் இரண்டு உருவங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓஹோ! அவகிட்ட இருந்து எடுத்து நீ போட்டுக்கிட்டியா?"

கூடம் அதிர்ந்தது. அலுவலகத்து ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவின் கணவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவியும் சிரித்தாள். எல்லாரையும்விட அவள்தான் அதிக நேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு என்பதுதான் போட்டோக்காரனுக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஒட்டு எங்க இருக்குன்னு தேடித் தேடிப் பாத்தேன். கண்டுபிடிக்க முடியல."

"கோவமா?"

"இந்தத் தோளுக்கு மூணு வருஷம் ஆச்சுங்க. நீங்க அழிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தான். "ரெண்டு நிமிஷம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அண்ணிக்குப் பிடிக்கலன்னா வாயால சொல்லிடுறாங்க. நானும் பதில் சொல்லிடுறேன். நீங்க பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டு, போய்க் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்ல."

"எதுக்காகப் பண்ணீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "எல்லாரும் என்னைப் பயில்வான் வீட்டுக்காரர்னு கூப்பிடுறாங்க."

"சரி. அதுக்கு?"

"அதுக்கு..." என்று ஆரம்பித்தவனுக்கு மேலே எதுவும் கிடைக்கவில்லை. இத்தனை மாதமாக நெஞ்சில் பாறையாகக் கிடந்தது, வாயைவிட்டு வெளியே வந்ததும் கூழாங்கல் அளவுகூட இல்லை. "ஒண்ணுமில்ல" என்றான்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை அந்த மருந்துக்கடையில போட்டோக்காரர் சம்சாரம்னுதான் கூப்பிட்டாங்க. நான் யாரையாவது பிடிச்சு ஒல்லியாக்கினேனா?"

அவனுக்கு முதலில் வெட்கம் வந்தது. அடுத்து சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உதட்டோரம் துடித்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள்.

"தப்புதான்" என்றான். "வேற படம் போட்டுடுறேன்."

"அது மட்டும் போதாது. போட்டிக்கு என் படம் அனுப்பணும். நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, முதுகு ஒண்ணு. வெளி ஸ்டூடியோவுல எடுத்துக்கலாம்னு இருந்தேன். இப்ப நீங்களே எடுக்கணும்."

அடுத்த வாரம் கடைக்கு விடுமுறை விட்டு, கதவைச் சாத்திவிட்டு எடுத்தார்கள். ஜிம்முக்குப் போடுகிற கறுப்புப் பனியனோடு கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றாள். அவன் பழக்க தோஷத்தில் குடை விளக்கை இழுத்து அவள் முகத்துக்கு நேராக வைத்து நாலைந்து படம் எடுத்தான். கேமராத் திரையில் போட்டுக் காட்டினான்.

அவள் உற்றுப் பார்த்தாள். "இதுல நான் எங்க?"

அவனும் பார்த்தான். படத்தில் அவள் பிசைந்துவைத்த மாவு மாதிரி வழவழவென்று இருந்தாள். கம்ப்யூட்டரைத் தொடாமலே, வெறும் விளக்கு மட்டும் பாதி வேலையை முடித்துவிட்டிருந்தது. அவன் குடையை மடக்கி மூலையில் சாத்தினான். இன்னொரு விளக்கை எடுத்து, தெருவிலுள்ள ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் வைக்கிற அதே பக்கவாட்டு இடத்தில் நிறுத்திப் போட்டான்.

அவள் கையை மடக்கி மூச்சை இழுத்துப் பிடித்தாள். வெளிச்சம் தோளில் ஏறி, உருண்டையின் உச்சியில் ஒரு கணம் தங்கி, அந்தப் பக்கம் நிழலில் இறங்கியது. மேல்கையில் தனித்தனியாக மூன்று பாகங்கள் எழுந்து நின்றன. திரும்பி முதுகைக் காட்டினாள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் சதை ஏதோ உயிருள்ளது மாதிரி நகர்ந்து ஒரு நிலைக்கு வந்து நின்றது. அவன் எத்தனையோ பேருக்கு இந்த விளக்கை வைத்திருக்கிறான். இல்லாத தோளை இருப்பதாகக் காட்டத்தான் வைத்திருக்கிறான். இருக்கிற தோளின் மேல் அந்த வெளிச்சம் விழுந்து இதுவரை பார்த்ததில்லை. அதுவும் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் தோள்.

"மூச்சை விடலாமா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரு, இன்னும் கொஞ்சம்."

"எடுத்தீங்களா இல்லையா?"

"பாத்துக்கிட்டு இருந்துட்டேன். பட்டனை அமுக்க மறந்துட்டேன்."

"நல்லா இருக்கே! இங்க எனக்கு உயிர் போகுது" என்று கையை உதறினாள். ஆனால் அவள் முகம் பளிச்சென்று ஆகியிருந்தது. மறுபடியும் கையை மடக்கினாள்.

எடுத்து முடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவன் கை தன்னால் மௌஸின் மேல் போய் உட்கார்ந்தது. அவள் பின்னால் நின்றுகொண்டு, "கையை எடுங்க" என்றாள். எடுத்தான்.

"கன்னத்துல ஒரு பரு இருக்கு. அதையாவது எடுக்கட்டுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். "அதை எடுத்துக்குங்க. அது நான் பாடுபட்டு வாங்கினதில்ல."

முதுகுப் படத்தைப் பெரிதாகப் போட்டு வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தது அவன் யோசனைதான். வைத்துவிட்டு உள்ளே போய், யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாவி செய்கிறவர்தான் முதலில் வந்தார். வெகுநேரம் நின்றார்.

"நிஜமாவே இப்படியா, இல்ல உங்க கைவேலையா?"

"ஒரு பருவைத் தவிர எதையும் தொடல."

"முதுகுல பரு எங்க வந்துச்சு?"

"அது வேற படத்துல" என்றான் போட்டோக்காரன்.

தெரு முழுவதும் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் கடைக்குள்ளேயே வந்து, குடும்பப் பெண்கள் நடமாடும் இடம் என்று புத்தி சொன்னார். "இவங்களும் குடும்பப் பொண்ணுதாங்க. என் குடும்பம்" என்றான் அவன். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பேக்கரியில் மாவு பிசைகிற அம்மா அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தபோது, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, "எனக்கும் அந்தப் பக்க விளக்கையே போடுங்க. அட்டையில கழுத்து வரைக்கும்தான் வரும்னு தெரியும். எனக்குத் தனியா ஒண்ணு வேணும்" என்றாள். அதிலிருந்து அவன் எல்லாரையும் கேட்டுவிட்டே வேலையைத் தொட்டான். முக்கால்வாசிப் பேர் இன்னமும் "குறைச்சிடுங்க" என்றுதான் சொன்னார்கள். சரி என்று குறைத்துக் கொடுத்தான். ஆண்களில் ஒருவர் மட்டும், "என் தோளை இருக்கிறபடியே விடுங்க, போன தடவை வீட்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க" என்றார்.

அக்கா கண்ணாடிப் பெட்டியைப் பார்த்த அன்றிலிருந்து எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தாள். கைகளையும் தோள்களையும் பழையபடி விட்டுப் போட்ட குடும்பப் படத்தை அவன் கொண்டுபோய் மாட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள்.

"முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு."

"இதுதான் நிஜம், அக்கா."

"நிஜமா? அப்ப என் தாடை?"

"அதைத் தொடல. முன்ன மாதிரியே ஒத்தைத் தாடைதான்."

"சரி, மாட்டு" என்றாள் அக்கா.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய அரங்கத்தில் நடந்தது. அப்பா முன் வரிசையில் இடம் பிடித்துத் தடியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் அக்கா. "அப்பாவை யாராவது பாத்துக்கணுமே" என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். அப்பா உட்கார ஒரு மெத்தையும், தனக்கென்று ஒரு கடுகடுத்த முகத்தையும் கொண்டுவந்திருந்தாள். மேடைக்குக் கீழே கேமராவோடு போட்டோக்காரன்.

முதலில் ஆண்கள் வந்தார்கள். பிறகு பெண்கள் வரிசையாக வந்தார்கள். தசை எடுப்பாகத் தெரிவதற்காக எல்லாரும் உடம்பு முழுவதும் பழுப்புச் சாயம் பூசி, எண்ணெய் மினுங்க இருந்தார்கள். அக்கா விரலை விரித்து நெற்றியில் வைத்துக்கொண்டு, அந்த இடுக்கு வழியாகப் பார்த்தாள். முதல் பெண்ணுக்குத் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாவது பெண்ணுக்கு, "காலு நல்லா இருக்கு இல்ல?" என்று அப்பாவிடம் கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே திடுக்கிட்டு, "மெத்தை சரியா இருக்கா?" என்று பேச்சை மாற்றினாள்.

அவள் தம்பி மனைவி மேடைக்கு வந்து நின்றாள். தோளை விரித்துக் கையை உயர்த்தினாள். அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு ஆள் பக்கத்தில் இருந்தவனிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"இதெல்லாம் ஒரு பொம்பளையா? இது வீட்ல புருஷன் என்ன பண்ணுவான்? பாத்திரம் கழுவுவான்!"

அக்கா மெதுவாகத் திரும்பினாள். அந்தத் திரும்பல் எப்படிப்பட்டது என்பது அவள் குடும்பத்தாருக்குத் தெரியும். அப்பா முன்ஜாக்கிரதையாகத் தடியை நகர்த்தி வழிவிட்டார்.

"ஆமா, கழுவுவான். பளபளன்னு கழுவுவான். அதோ கேமராவோட நிக்கிறானே, அவன்தான். என் தம்பி. உங்களுக்கு என்ன?"

"இல்லம்மா, நான் பொதுவாச் சொன்னேன்..."

"பொதுவாச் சொல்றவருக்கு இங்க என்ன வேலை? டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்தீங்க? வந்தா வாயை மூடிக்கிட்டுப் பாருங்க. அவளை நான் வீட்ல ஆயிரம் சொல்லுவேன். அவளும் எனக்குப் பதில் சொல்லுவா. நடுவுல நீங்க யாருங்க?"

அந்த ஆள் கூட்டத்தில் துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். அக்கா அத்தோடு நிற்கவில்லை. எழுந்து நின்று, வாயருகில் இரண்டு கையையும் குவித்து, மேடையைப் பார்த்துக் கத்தினாள்: "முதுகைக் காட்டும்மா! முதுகு! முதுகுக்குத்தான் மார்க்கு!"

அரங்கமே சிரித்தது. மைக் பிடித்திருந்தவர் சிரித்தார். மேடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றுத் தசைகள் கட்டுக்கட்டாகக் குலுங்கின. அப்படியே திரும்பி முதுகை விரித்தாள். போட்டோக்காரன் இந்தத் தடவை பட்டனை அமுக்க மறக்கவில்லை. விரல் வலிக்கிறவரை அமுக்கினான். நடுவில் ஒரு தடவை திரும்பி, கையைக் குவித்துக் கத்துகிற அக்காவையும் ஒன்று எடுத்தான்.

அவளுக்கு நான்காவது இடம் கிடைத்தது. கோப்பை மூன்று பேருக்குத்தான். அவள் சந்தோஷமாகத்தான் மேடையைவிட்டு இறங்கினாள். அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. நடுவர்கள் மேஜைக்கு நேராகப் போய் நின்றாள்.

"மூணாவது வந்த பொண்ணுக்கு முதுகே இல்லையேங்க. எதை வெச்சு மார்க் போட்டீங்க?"

"அண்ணி, வாங்க, போதும்" என்று அவள் ஓடிவந்து இழுத்தாள்.

"விடும்மா, நான் நியாயத்தைக் கேக்கறேன்." திரும்பிய அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, அப்படியே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு கெட்டியா இருக்கேடி!" என்றாள். விலகியபோது அக்காவின் வெளிர்மஞ்சள் உடையில் முன்னாலும் பின்னாலும் பழுப்புச் சாயம் அப்பியிருந்தது. முதுகில் ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன.

"ஐயோ அண்ணி, புது உடை!"

"துவைச்சாப் போகுது. போகலன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்ட ஐஸ்கிரீம் கடையில் நுழைந்தார்கள். பல மாதமாக இனிப்பையே தொடாதவள், ஒரு கிண்ணத்தை யாரோடும் பேசாமல் காலி செய்தாள். இரண்டாவது கிண்ணத்தில் பேச்சு வந்தது. கடைக்காரர் வெள்ளை நாற்காலிகளில் படிந்த சாயத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, "என்னங்க இது, பெயின்ட் வேலையா?" என்று கேட்டார். "போட்டிக்குப் போயிட்டு வர்றோம். இவங்க நாலாவது" என்றார் அப்பா, ஸ்பூனால் மருமகளைக் காட்டி. அக்கா வாசலில் நின்று போனில் யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாலாவதுன்னா சும்மாவா? எத்தனை பேர் வந்திருந்தாங்க தெரியுமா? அந்த நடுவருங்களுக்குக் கண்ணு சரியில்ல. நான் கேட்டேன், பதிலே இல்ல."

போட்டோக்காரன் கேமராத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மனைவிக்குக் காட்டினான். அவள் ஒரு கையால் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் கேமராவைத் தன் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"இது யாருங்க, அண்ணிக்குப் பின்னாடி நாற்காலிக்குக் கீழே குனிஞ்சு எதையோ தேடுறது?"

"அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட ஆளு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவள் காலியான கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, கடைக்காரரைப் பார்த்து மூன்றாவது கிண்ணத்துக்குக் கையைத் தூக்கினாள்.